பூஜ்யம்

ஓஸ்த்ராவாவில் கடல் இல்லை.
இந்த நாட்டிலேயே இல்லை.
உப்பு வாளியில் வருகிறது;
நாலு மாடி தூக்கி வந்தவர்
இடுப்பைப் பிடித்துக்கொண்டு கையெழுத்து கேட்கிறார்.
துணி காயும் கொடிக்கும் ஹீட்டருக்கும் நடுவில்
முந்நூறு லிட்டர் கடல் வைத்திருக்கிறேன்.

ஒரு பல் மருத்துவர் விவாகரத்தில் விற்றது.
பாறை, மணல், இரண்டு கோமாளி மீன்,
கோபித்தால் சுருங்கிக்கொள்ளும் ஒரு பவளம்.

வேலை, ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில், இரவு முழுக்க.
ரத்தம், அயோடின், சூப், பெயர் சொல்லக் கூடாதவை,
எல்லாம் தொண்ணூறு டிகிரியில் போகும்.
வெள்ளை எனக்குத் தெரியும்.

வீட்டிலும் விடவில்லை.
பல் துலக்கும் பிரஷ்ஷால் பாறையைத் தேய்த்தேன்.
வாரம் இருமுறை நீர் மாற்றினேன்.
சோதனைக் குப்பியில் சொட்டு விட்டால்
நிறமே ஏறவில்லை:
நைட்ரேட் பூஜ்யம், பாஸ்பேட் பூஜ்யம்.
அட்டையில் தேதி போட்டு
ஃப்ரிட்ஜில் காந்தம் வைத்து ஒட்டினேன்,
மார்க் ஷீட் மாதிரி.

பிப்ரவரியில் வந்தது.
மணல் மேல் தேநீர் சிந்திய கறை,
பிறகு நூல் நூலாய்ச் சளி,
ஒவ்வொரு நூல் நுனியிலும் ஒரு குமிழ்.
விளக்கு அணைந்தால் காணாமல் போகும்.
காலை ஆறரைக்கு நான் வரும்போது
மணல் துவைத்து விரித்ததுபோல் கிடக்கும்.
திரை இழுத்துவிட்டுத் தூங்குவேன்.
மூன்று மணிக்கு எழுந்தால்
பழுப்பு, பழுப்பு.
நான் தூங்கக் காத்திருந்து வளர்ந்தது அது.

இன்னும் தேய்த்தேன். இன்னும் மாற்றினேன்.
இரண்டு மடங்கானது.
நத்தைகள் மல்லாந்து விழுந்தன. எட்டு.
ஜாடி மூடியில் வைத்து எண்ணினேன்.

அடுத்த வீட்டு மதோஷின் நுண்ணோக்கியை
சாக்லேட் கொடுத்து வாங்கினேன்.
கண்ணை வைத்தால்,
காப்பிக்கொட்டை வடிவத்தில் ஆயிரம்,
முளையில் கட்டிய ஆடுகள்போல்
நின்ற இடத்திலேயே சுற்றிச் சுற்றி.
அழகாகத்தான் இருந்தன, சனியன்கள்.

மீன்கடை யரோமீருக்குப் போன் செய்தேன்.
"எவ்வளவு காட்டுது?"
"பூஜ்யம்," என்றேன், கொஞ்சம் பெருமையாகவே.
"அதான்.
மத்த பாசியெல்லாம் பட்டினியில் செத்துப்போச்சு.
காலி வீட்டில் கண்டவன் குடியேறுவான்.
மூணு நாள் இருட்டுப் போடு.
அப்புறம் தண்ணியில் அழுக்குப் போடு."

கழித்துவிட்ட ஆஸ்பத்திரிக் கம்பளிகள்,
ஓரத்தில் பச்சைக் கோடு, வார்டு எண்.
நான்கு சுவரையும் போர்த்தி
ஒட்டுநாடா சுற்றினேன்.
திறக்கக் கூடாது, எட்டிப் பார்க்கக் கூடாது.
பம்பின் முனகல் மட்டும்.
இரண்டாம் நாள் காது வைத்துக் கேட்டேன்,
எதைக் கேட்க நினைத்தேன் என்று தெரியாமல்.

பிரித்தபோது மணல் வெளுத்திருந்தது.
பவளமும் கொஞ்சம் வெளுத்திருந்தது;
அதற்கு நான் என்ன சொல்ல.

பிறகு ஊசிக்குழாயில் நைட்ரேட் அளந்தேன்.
இருபத்திரண்டு வருடம் கறை எடுத்த கை,
முதல்முறை கறை போடப் போய்
நடுங்கியது.

ஏப்ரலில் கண்ணாடியில் பச்சை படர்ந்தது.
பம்புக் குழாயில் தாடி முளைத்தது.
பிரஷ்ஷை எடுத்தேன்,
கொஞ்ச நேரம் பிடித்திருந்தேன்,
இழுப்பறையில் போட்டேன்.
யரோமீர் எண் கேட்டார். ஐந்து, என்றேன்.

இதனால் திருந்திவிட்டேன் என்று இல்லை.
நேற்று ஒரு தலையணை உறையில் மஞ்சள் வளையம்.
மறுபடி சலவைக்கே அனுப்பினேன்.
ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரிதான்.

ஆனால் மூன்று மணிக்கு எழுந்ததும்
செருப்பு மாட்டும் முன்னே பார்ப்பது இடது மூலையை.
அங்கே இன்னும் இருக்கிறது,
பத்துக் கொருனா நாணயம் அளவுக்கு,
குமிழோடு.
இன்று பெருக்கவில்லை.
புதிதாய் வாங்கிய நத்தை
அதைச் சுற்றிக்கொண்டு போகிறது,
தெரிந்தவர் வீட்டு நாயைத் தாண்டுவதுபோல்.
அடுப்பில் தண்ணீர் வைக்கிறேன்.